முப்பது வயது நோய்க்குப் பத்து வயதில் விதையா?



நரம்பு நோய்கள் குறித்து அண்மையில் நாங்கள் நடத்திய தொலைக்காட்சிக் கருத்தரங்கத்தை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஒரு மணி நேர நிகழ்ச்சி என்று பெயர்தான். விளம்பரங்கள் போக நாற்பது நிமிடங்களும் சொச்சமும்தான் கையில் கிடைக்கும். அதிலும் வரவேற்பு, விருந்தினர் அறிமுகம் என்று ஐந்து நிமிடங்கள் ஓடிவிடும். மேடையில் சொல்லி முடிக்க முடியாதவை வழக்கம்போல் இந்த வார இறுதிப் பக்கத்துக்கு வந்து சேர்கின்றன. ஆனால், இந்த முறை நான் எழுதுவது மேடையில் கேட்கப்படாத ஒரு கேள்விக்காக.

பதிவு முடிந்து விளக்குகளை அணைத்துவிட்டார்கள். புடவையில் குத்தியிருந்த மைக்கைக் கழற்றிக் கொண்டிருந்தேன். பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மா தயங்கித் தயங்கி அருகில் வந்தார். கிள்ளானிலிருந்து வந்தவர். அவருடைய மூத்த மகளுக்கு 26 வயது. கணக்காய்வுத் துறையில் வேலை. போன ஆண்டு ஒரு நாள் காலையில் எழுந்தபோது இடது கண்ணில் புகை மூட்டம் போல் இருந்ததாம். கண்ணை அசைத்தால் வலி. கணினியை அதிகம் பார்ப்பதால் வந்தது என்று விட்டுவிட்டார்கள். அது சரியானது. நான்கு மாதங்கள் கழித்து வலது கால் மரத்துப் போனது. கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டாள். பல இடங்களுக்கு அலைந்து, தலையை ஸ்கேன் எடுத்து, முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துச் சோதித்த பிறகுதான் பெயர் தெரிந்தது: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்.

"ஏம்மா, டாக்டர்கிட்ட கூட்டத்துல கேக்க வெட்கமா இருந்துச்சு" என்று குரலைத் தாழ்த்தினார். "அவளை சின்ன வயசுல வெளிய விளையாடவே விடமாட்டேன். வெயில்ல நின்னா கறுத்துப் போயிருவா, நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு ஒண்ணு இருக்குல்லன்னு நெனப்பேன். இப்போ வெயில் படாம வளந்த புள்ளைக்குத்தான் இது வரும்னு யாரோ கைப்பேசியில அனுப்பியிருக்காங்க. நான்தான் இதுக்குக் காரணமாம்மா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் படித்தது மாஸ் கம்யூனிகேஷன் டிப்ளோமா. கேள்வி கேட்கத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். "அப்படியெல்லாம் இருக்காது ஆண்டி" என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பொய்யான ஆறுதல் உறுத்தியது. மறுநாள் கருத்தரங்கத்தில் பேசிய நரம்பியல் மருத்துவரை அழைத்தேன். ஒரு முறை அல்ல, மூன்று முறை பேசினோம். அவர் சொன்னதும், அவர் படிக்கச் சொன்னவற்றைப் படித்து நான் புரிந்துகொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

வேலியே பயிரை மேயும் நோய்

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மின்கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருப்பதுபோல், மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் உள்ள நரம்பிழைகளுக்கு மேலே மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களே இந்த உறையை அந்நியப் பொருள் என்று தவறாக எண்ணித் தாக்குகின்றன. உறை உரிந்த இடத்தில் செய்தி தடைபடுகிறது. எந்த இடத்தில் உரிகிறதோ அதற்கேற்பக் கண் மங்கலாம், கால் மரக்கலாம், நடை தள்ளாடலாம், சிறுநீரை அடக்க முடியாமல் போகலாம். எதுவும் செய்யாமலேயே உடல் அசந்து போகலாம். உறை உரிந்த இடங்களில் தழும்புகள் உண்டாகின்றன. பாரிஸ் நகரின் சால்பெட்ரியர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான் மார்ட்டின் ஷார்கோ 1868ஆம் ஆண்டில் இந்தத் தழும்புகளையும் நோயாளிகளின் அறிகுறிகளையும் இணைத்து, இது தனி நோய் என்று விளக்கினார். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்றும் எழுதுகிறார்கள். மருத்துவர்கள் எம்.எஸ். என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

உலகில் ஏறக்குறைய 29 லட்சம் பேருக்கு இந்த நோய் இருப்பதாக 2023ஆம் ஆண்டின் கணக்கு கூறுகிறது. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் வெளிப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, திருமணம் பேசும் வயதில் வந்து கதவைத் தட்டுவதுதான் இதன் கொடுமை. முழுமையாகக் குணப்படுத்தும் மருந்து இல்லை. ஆனால், 1993ஆம் ஆண்டு முதல் மருந்து அங்கீகாரம் பெற்றது தொடங்கி இன்றுவரை பல மருந்துகள் வந்துவிட்டன. சீக்கிரம் கண்டுபிடித்து மருந்தைத் தொடங்கினால் தாக்குதல்களைப் பெருமளவு குறைக்க முடிகிறது. எம்.எஸ். என்றால் சக்கர நாற்காலிதான் என்ற காலம் மலையேறிவிட்டது.

உலக வரைபடம் சொல்லும் கதை

"நோய் எப்போது தொடங்குகிறது என்று கேட்காதீர்கள். முதலில் எங்கே அதிகம் என்று கேளுங்கள்" என்றார் மருத்துவர். உலக வரைபடத்தை விரித்தால் ஒரு விநோதம் தெரிகிறது. பூமத்திய ரேகையை விட்டு வடக்கே போகப் போகவும், தெற்கே போகப் போகவும் எம்.எஸ். கூடுகிறது. ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் கனடாவிலும் ஒரு லட்சம் பேரில் 200க்கும் மேற்பட்டோருக்கு இருக்கிறது. ரேகைக்கு அருகிலிருக்கும் நம் மலேசியாவில் லட்சத்துக்கு 2 அல்லது 3 பேர் என்ற அளவில்தான் மதிப்பிடப்பட்டுள்ளது.

இது இனத்தினால் வந்த வேறுபாடா, மண்ணினால் வந்ததா? இடம்பெயர்ந்து போனவர்களை வைத்துத்தான் இதற்கு விடை தேடினார்கள். ஜெஃப்ரி டீன் என்ற மருத்துவர் தென்னாப்பிரிக்காவில் பணியாற்றியபோது ஐரோப்பாவிலிருந்து அங்கே குடியேறியவர்களை ஆராய்ந்தார். பெரியவர்களாகி அங்கு போனவர்கள், பிறந்த நாட்டின் கூடுதல் ஆபத்தையும் பெட்டியோடு கொண்டு போயிருந்தார்கள். ஏறக்குறைய 15 வயதுக்கு முன் போனவர்களோ தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர்களைப் போலவே குறைந்த ஆபத்தில் இருந்தார்கள். ஒரே ஊர், ஒரே இனம். சிலரைப் பொறுத்தவரை ஒரே குடும்பமாகக்கூட இருந்திருக்கலாம். கப்பலில் ஏறிய வயது மட்டும் வேறு.

நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று உண்டு. அதே டீன், மார்ட்டா எலியன் என்ற மருத்துவருடன் சேர்ந்து 1990ஆம் ஆண்டு வெளியிட்டது. இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து பிரிட்டனுக்குக் குடியேறியவர்களுக்கு எம்.எஸ். மிக அரிதாகவே இருந்தது. ஆனால், அவர்களுக்கு அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளிடம் பிரிட்டிஷ் மக்களிடம் இருந்த அளவுக்கு ஏறக்குறைய வந்துவிட்டது. தாய் தந்தையின் ரத்தம் மாறவில்லை. வளர்ந்த இடம் மாறியது. ஒரே தலைமுறையில் கணக்கு மாறிவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது என்றால் மிகையில்லை.

ஆக, குழந்தைப் பருவத்திலும் வளரிளம் பருவத்திலும் ஏதோ ஒன்று நடக்கிறது. விளைவு பத்து, இருபது ஆண்டுகள் கழித்துத் தெரிகிறது. 15 வயது என்பதைக் கோடு கிழித்த எல்லையாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும் மருத்துவர் சொன்னார். பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியா சென்றவர்களைப் பற்றி 2000ஆம் ஆண்டு வெளியான ஆய்வில் அந்த வயதுக்கு முன் போனவர்களுக்கும் பின் போனவர்களுக்கும் அப்படியொரு வேறுபாடு தெரியவில்லை. இருபது வயது தாண்டியும் அந்தக் காலகட்டம் நீளலாம் என்று கருதப்படுகிறது.

எல்லோர் உடலிலும் குடியிருக்கும் வைரஸ்

அந்த "ஏதோ ஒன்று" என்ன என்பதில் மிக வலுவான சான்று கிடைத்தது 2022ஆம் ஆண்டு ஜனவரியில்தான். குற்றவாளிக் கூண்டில் நிற்பது எப்ஸ்டீன் பார் வைரஸ். ஆண்டனி எப்ஸ்டீன், இவோன் பார், பெர்ட் அச்சோங் மூவரும் உகாண்டாவிலிருந்து வந்த புற்றுநோய்க் கட்டி ஒன்றில் 1964ஆம் ஆண்டு இதைக் கண்டார்கள். (மூன்றாமவரான அச்சோங் டிரினிடாட்டில் பிறந்தவர். பெயரில் அவருக்கு இடம் கிடைக்காமல் போனது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.) நம் நாட்டில் மூக்குத் தொண்டைப் புற்றுநோயோடு தொடர்புபடுத்திப் பேசப்படுவதும் இதே வைரஸ்தான்.

ஹார்வர்ட் ஆய்வாளர்கள் அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த ஒரு கோடிக்கும் மேற்பட்டோரின் பதிவுகளை அலசினார்கள். ராணுவத்தில் சேருபவர்களிடம் எச்.ஐ.வி. சோதனைக்காக அவ்வப்போது ரத்தம் எடுத்து, மீதியைச் சேமித்து வைப்பார்கள். அந்தச் சேமிப்பு இருபது ஆண்டு காலப் புதையலாகக் கைக்குக் கிடைத்தது. எம்.எஸ். வந்தவர்களில் 801 பேரின் ரத்தத்தைப் பின்னோக்கிச் சோதித்தபோது, ஒரே ஒருவரைத் தவிர அனைவரும் நோய் தொடங்குவதற்கு முன்பே இந்த வைரஸ் தொற்றுக்கு ஆளாகியிருந்தது தெரிந்தது. தொற்று ஏற்பட்டவர்களுக்கு எம்.எஸ். ஆபத்து 32 மடங்கு கூடியது. மற்ற வைரஸ்களில் அப்படி எதுவும் தென்படவில்லை. நரம்பு சிதைவதைக் காட்டும் ஒரு புரதமும் இந்தத் தொற்றுக்குப் பிறகுதான் ரத்தத்தில் உயர்ந்தது. யார் முன்னே வந்தார், யார் பின்னே வந்தார் என்பது தெளிவாகிவிட்டது.

எப்படிச் செய்கிறது? அதே 2022ஆம் ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று விளக்கம் தந்தது. இந்த வைரசின் ஒரு புரதத்தின் சிறு பகுதியும், நம் மூளையில் உள்ள ஒரு புரதத்தின் சிறு பகுதியும் ஒன்றுபோல் இருக்கின்றன. வைரசைத் தேடி வந்த எதிர்ப்புப் பொருள் ஆள் மாறாட்டத்தில் மூளைப் புரதத்தையும் தாக்கிவிடுகிறது. எல்லா நோயாளிகளிடமும் இதுதான் நடக்கிறது என்று சொல்ல முடியாது. ஆனாலும், குறிப்பிட்ட சிலரிடமாவது வழி இதுதான் என்று காட்டிவிட்டார்கள்.

சரி, இந்த வைரசிடமிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டால் போதுமே என்று நினைக்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன். மருத்துவர் சிரித்துவிட்டார். உலகில் வயது வந்தோரில் 100க்கு 90 பேருக்கு மேல் இது ஏற்கெனவே இருக்கிறது. உங்களுக்கும் எனக்கும் இருக்கும். எச்சில் வழியாகப் பரவுகிறது. நம் போன்ற நாடுகளில் பாட்டி மென்று ஊட்டிய சோற்றிலும், அண்ணன் தம்பி மாறி மாறிக் குடித்த மைலோ குவளையிலும் பல பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே வந்து, தடுமல் போல் தெரியாமலே போய்விடுகிறது. வசதி மிக்க நாடுகளில் பலருக்கு இது பதின்ம வயதில்தான் முதன்முதலாக வருகிறது. அப்போது வந்தால் கடும் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்துச் சுரப்பி வீக்கம் என்று வாரக் கணக்கில் படுக்க வைத்துவிடும். அப்படிக் காய்ச்சலாக வெளிப்பட்டவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பல ஆய்வுகள் கூறுகின்றன. வைரஸ் வந்ததா என்பது மட்டுமல்ல, எந்த வயதில் வந்தது என்பதும் முக்கியமாகிறது.

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இதற்கு ஒத்துப் போகிறது. முதல் ஆறு வயதுக்குள் தம்பி தங்கைக் கைக்குழந்தைகளோடு அதிகக் காலம் வளர்ந்தவர்களுக்கு எம்.எஸ். குறைவாக வந்திருந்தது. தோட்டப்புறத்தில் வீட்டுக்கு ஏழெட்டுப் பிள்ளைகளாக, ஒருவர் மூக்குச் சளியை மற்றவர் துடைத்து வளர்ந்த நம் அப்பா அம்மா காலத்தை நினைத்துக்கொண்டேன். இதற்காகச் சுத்தத்தைக் கைவிட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தடுப்பூசி ஒன்றுக்கான மனிதச் சோதனைகள் 2022ஆம் ஆண்டு தொடங்கின. பயன்பாட்டுக்கு இன்னும் எதுவும் வரவில்லை.

இனி அந்த அம்மாவின் வெயிலுக்கு வருவோம்

வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உருவாகிறது. நோய் எதிர்ப்பு அணுக்களைக் கட்டுக்குள் வைப்பதில் அதற்குப் பங்கு உண்டு. வெயில் குறைந்த நாடுகளில் எம்.எஸ். அதிகம் என்பதால் சந்தேகம் இயல்பாகவே இங்கே விழுந்தது. டாஸ்மேனியாவிலேயே 2003ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில், 6 வயது முதல் 15 வயது வரை கோடை விடுமுறைகளிலும் வார இறுதிகளிலும் நாளுக்கு இரண்டு மூன்று மணி நேரமாவது வெயிலில் இருந்தவர்களுக்கு எம்.எஸ். ஆபத்து மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. அமெரிக்க ராணுவ ரத்தச் சேமிப்பை வைத்து 2006ஆம் ஆண்டு செய்த ஆய்விலும் வைட்டமின் டி மிக அதிகம் இருந்தவர்களுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட ஆபத்து 62 விழுக்காடு குறைவு. இருபது வயதுக்கு முந்திய அளவே இதில் கூடுதலாகக் கணக்கில் வந்தது.

கருவறை வரைக்கும் கூடப் போயிருக்கிறார்கள். கனடா, பிரிட்டன், டென்மார்க், சுவீடன் நாடுகளைச் சேர்ந்த 42,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் பிறந்த தேதியை 2005ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று சேகரித்தது. மே மாதம் பிறந்தவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகம். நவம்பரில் பிறந்தவர்கள் சற்றுக் குறைவு. மே குழந்தையின் தாய், இருண்ட குளிர்காலம் முழுவதும் கர்ப்பமாக இருந்தவர். (இந்தக் கணக்கின் முறையைப் பின்னர் சிலர் குறை கூறியதும் உண்டு.) ஃபின்லாந்தில் கர்ப்பிணிகளின் ரத்தச் சேமிப்பை வைத்து 2016ஆம் ஆண்டு செய்த ஆய்வில், வைட்டமின் டி பற்றாக்குறை இருந்த தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு என்று தெரிந்தது.

இவ்வளவையும் கேட்டதும் எனக்கு அந்த அம்மாவின் முகம் நினைவுக்கு வந்து வயிற்றைப் பிசைந்தது. "அப்படியானால், டாக்டர், அவர் பயந்தது சரிதானா?" என்றேன்.

"இல்லை" என்றார். காரணங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த அமெரிக்க ஆய்வில் தொடர்பு தெளிவாகத் தெரிந்தது வெள்ளையர்களிடம் மட்டுமே. கறுப்பினத்தவர்களிடமும் ஹிஸ்பானியர்களிடமும் அப்படித் தெரியவில்லை. நம் தோலுக்கு அதே கணக்கை அப்படியே ஒட்டவைக்க முடியாது. அடுத்தது, சின்ன வயதில் வைட்டமின் டி கொடுத்ததால் எம்.எஸ். வராமல் தடுக்கப்பட்டது என்று எந்தச் சோதனையும் இதுவரை நிரூபிக்கவில்லை. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. அதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன். ஏனென்றால், கைப்பேசியில் சுற்றும் செய்திகளால் நாம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

"இரு மடங்கு ஆபத்து" என்றதும் நமக்குக் குலை நடுங்குகிறது. எதன் இரு மடங்கு என்று கேட்க மறந்துவிடுகிறோம். ஒரு பேச்சுக்கு, நம் நாட்டில் லட்சத்தில் மூன்று பேருக்கு இருக்கும் நோய் இரு மடங்காகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் ஆகும். மீதி 99,994 பேருக்கு ஒன்றும் இல்லை. வெயில் படாமல் வளர்ந்த பிள்ளைகள் நம் நாட்டில் எத்தனை லட்சம்! கோலாலம்பூர் தொடக்கப்பள்ளி மாணவர்கள் 402 பேரைச் சோதித்து 2011ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் பத்தில் ஏழு பேருக்கு வைட்டமின் டி போதவில்லை. ஆண்டு முழுவதும் வெயில் காயும் ஊரில் இந்த நிலை. அவர்களுக்கெல்லாம் எம்.எஸ். வரப்போகிறதா? இல்லவே இல்லை. மழையில் நனைந்த நூறு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், குடை கொடுக்காத தாயைக் குற்றவாளி என்று சொல்வோமா?

அதே வேளையில் எலும்புக்கும் தசைக்கும் வெயிலும் ஓட்டமும் வேண்டும் என்பதில் இரண்டாவது கருத்து கிடையாது. மாநிறத் தோலுக்கு வைட்டமின் டி உண்டாகக் கூடுதல் நேரம் தேவைப்படுகிறது. கறுத்துவிடும் என்ற பயத்தில் பெண் பிள்ளைகளை மட்டும் வீட்டுக்குள் அடைத்து வைக்கும் பழக்கத்தை நான் எப்போதும் வெறுத்து வந்திருக்கிறேன். அந்த வெறுப்புக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தமில்லை.

எடை, புகை, தூக்கம்

உறுதியான சான்று உள்ளதும், நம் கையில் கொஞ்சம் இருப்பதும் இந்த மூன்றும்தான். அமெரிக்கத் தாதியர் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த நெடுங்கால ஆய்வில், 18 வயதில் உடல் பருமனோடு இருந்தவர்களுக்கு எம்.எஸ். ஆபத்து இரு மடங்குக்கு மேல் இருந்ததாக 2009ஆம் ஆண்டு தெரிய வந்தது. நடுவயதில் போட்ட எடை அந்த அளவுக்குக் கணக்கில் வரவில்லை, பதின்ம வயது எடைதான் வந்தது. பிறவியிலேயே எடை கூடும் மரபணு உள்ளவர்களை வைத்து 2016ஆம் ஆண்டு சோதித்தபோதும் இதே திசையில்தான் விடை வந்தது. மலேசியாவில் 2019ஆம் ஆண்டு தேசிய ஆய்வின்படி 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். எம்.எஸ். என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட நீரிழிவை நினைத்தாவது இதைக் கவனிக்க வேண்டும்.

புகைப்பவர்களுக்கு ஆபத்து ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. புகைக்காத பிள்ளைக்கும் பங்கு உண்டு. பிரான்சில் 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்றில், வீட்டில் பெற்றோர் புகைத்த பிள்ளைகளுக்குச் சிறுவயதிலேயே எம்.எஸ். வரும் வாய்ப்பு இரு மடங்காக இருந்தது. ஆண்டுகள் கூடக் கூட ஆபத்தும் கூடியது. உணவகங்களில் புகைக்கத் தடை வந்தது 2019ஆம் ஆண்டு ஜனவரியில். வீட்டு வரவேற்பறைக்கு அமலாக்க அதிகாரி வரமாட்டார்.

தூக்கத்தைப் பற்றிய செய்தி புதிது. 15 முதல் 19 வயதில் இரவில் ஏழு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்கு ஆபத்து 40 விழுக்காடு கூடுதல் என்று சுவீடன் ஆய்வு 2023ஆம் ஆண்டு காட்டியது. எஸ்.பி.எம். பிள்ளைகள் டியூஷன் முடிந்து பத்தரை மணிக்கு வந்து, கைப்பேசியோடு படுத்து, விடியற்காலை ஐந்தரைக்கு எழும் வீடுகளில் இதைப் படித்துக் காட்டுங்கள்.

இவற்றுக்கெல்லாம் அடித்தளமாக மரபணு இருக்கிறது. ஆனால், அது விதி அல்ல. ஒரே கருவில் உருவான இரட்டையரில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு நான்கில் ஒரு பங்குதான் என்று கனடா ஆய்வு காட்டியது. மரபணு முழுவதும் ஒன்றாக இருந்தும் மூன்று பங்கு தப்பிக்கிறார்கள். சாதாரண உடன்பிறப்புகளைப் பொறுத்தவரை மேல்நாட்டுக் கணக்குப்படி நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான்.

தடுப்பூசி போட்டதால் வந்தது என்றும் சிலர் சொல்வார்கள். பிரான்சில் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி குறித்து 1990களில் பெரிய பீதியே கிளம்பியது. 2001ஆம் ஆண்டு வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் தொடர்பு எதுவும் காணப்படவில்லை. அதேபோல, அறிகுறிகள் தாமாகவே வந்து தாமாகவே மறைவதால் செய்வினை, பார்வை என்று மந்திரிக்க ஓடுபவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். மந்திரித்த கயிறு கட்டிய வாரத்தில் கண் தெளிந்தால் பெருமை கயிற்றுக்குப் போய்விடும். நோய் அடுத்த தாக்குதலுக்குத் தயாராகிக் கொண்டிருக்கும். பார்வை மங்கலோ, மரத்துப் போதலோ, தள்ளாட்டமோ ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சரியாகிவிட்டாலும் போய்ச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் மருத்துவர் அழுத்திச் சொன்னார். எம்.எஸ். போலவே தோற்றமளித்து, கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் வேறொரு நோய் நம் ஆசிய நாடுகளில் கணிசமாக உண்டு. நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்று பெயர். முன்பு இரண்டையும் ஒன்றாகவே எண்ணியிருந்தார்கள். 2004ஆம் ஆண்டு இதற்கென்றே ஒரு ரத்தச் சோதனை கண்டுபிடிக்கப்பட்ட பிறகு பிரித்தறிய முடிகிறது. எம்.எஸ்.சுக்குத் தரும் சில மருந்துகள் இந்த நோயை மோசமாக்கிவிடும். ஆகவே, சோதனையை முழுமையாகச் செய்துகொள்வது அவசியம்.

போன வாரம் கிள்ளானுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். இங்கே எழுதியதையெல்லாம் எளிமையாக, இடையில் இரண்டு முறை மருத்துவரின் வார்த்தையிலேயே சொன்னேன். "வெயில்ல விடாததால வந்துச்சுன்னு உலகத்துல எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது ஆண்டி" என்றேன். நீண்ட நேரம் பேச்சில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு, "சின்னவ இப்போ படிவம் 2" என்றார். "சாயங்காலம் வலைப்பந்துப் பயிற்சிக்குப் போகணும்னு ஒரு வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கா. நான்தான் வேணாம்னுட்டேன். அனுப்பலாமாம்மா?"

"தாராளமா அனுப்புங்க. ஒரு தொப்பி வாங்கிக் குடுங்க."

பின்னாலிருந்து மூத்தவளின் குரல் கேட்டது. "அம்மா, பஸ்ஸெல்லாம் வேணாம். நானே கார்ல கொண்டு போய் விடுறேன்னு சொல்லுங்க."